மாப்பிள்ளைக்கு ஹார்ட் ஆபரேஷன்

போன ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் குடும்பத்தோடு சாப்பிடப் போனோம். தைப்பூச விரதம் முடிந்து, நாக்கு செத்துக் கிடந்த நேரம். இலை போட்டார்கள். மட்டன் சுக்கா வந்தது. அதன் ஆவி என் மூக்கைத் தொட்ட நேரம் பார்த்து... என் மைத்துனர் கையை நீட்டி, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஹார்ட் ஆபரேஷன் ஆன ஆளு நீங்க. ஆயில் ஐட்டம்லாம் கேனாட் லா மச்சான்!”

எதிரே இருந்த என் மனைவியின் சித்தப்பா, என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கீரைக் கூட்டை நகர்த்தி வைத்தார். என் மனைவி மீனா மோர் டம்ளருக்குள் முகத்தை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு கரண்டி கீரையை அப்படியே விழுங்கினேன்.

எனக்கு ஹார்ட் ஆபரேஷன் நடக்கவே இல்லை. இதயம் கல் மாதிரி இருக்கிறது. மார்பில் ஓர் ஆபரேஷன் நடந்தது, பல வருஷத்துக்கு முன்னால். அது வேறு கதை.

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் உங்களிடம் லிஃப்ட் ரிப்பேர், மேல் வீட்டுத் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர், எம்ஆர்டி ரயில் கதவை மறித்து நிற்கும் மகராசர்கள் என்று எல்லாவற்றையும் புலம்பியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை என்றுதான் சொன்னார்கள். படித்ததும் பெண்கள் பள்ளியில். இருபதுகளில் ஹார்மோன் ஊசி, ஆபரேஷன், அடையாள அட்டை மாற்றம் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். அன்றிலிருந்து ஆணாகத்தான் வாழ்கிறேன். திருநம்பி என்று ஒரு சொல் இருக்கிறது. நல்ல சொல்தான், குறையே இல்லை. ஆனால் மீன் வாங்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நான் சும்மா ஓர் ஆள். அந்தச் சும்மா ஆளாக இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது என்னோடு பழகுபவர்களில் இது தெரிந்தவர்கள் மீனாவும் என் அக்காவும் மட்டும். இப்போது நீங்களும். இந்தப் பத்தியின் மேலே இருப்பது என் சொந்தப் பெயர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். மைத்துனரும் மைத்துனர் இல்லை. மட்டன் சுக்கா மட்டும் நிஜம்.

இப்படி வாழ்பவனுக்குச் சிங்கப்பூர் ரொம்பச் சின்ன ஊர். உட்லண்ட்ஸில் வளர்ந்தவன் பாசிர் ரிஸ்ஸுக்கு வீடு மாறலாம். அதற்கு மேல் ஓடினால் கடல். டெக்கா மார்க்கெட்டில் பழைய வகுப்புத் தோழி எதிரே வருவாள். இந்தத் தாடியில் என்னை அவளுக்கு அடையாளமே தெரியாது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு வஞ்சிர மீன் மேல் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிடும்.

போதாததற்குக் கேள்விகள். இங்கே இரண்டு ஆம்பளைகள் சேர்ந்து காப்பி குடித்தால், பாதிக் காப்பிக்குள் தேசிய சேவைப் பேச்சு, அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சிக் கதை, வந்தாக வேண்டும். “நீங்க எந்த கேம்ப், பிரதர்?” ஆஸ்துமாவால் விலக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆபீஸில் கடற்கரைப் பார்ட்டி என்றால் வெயில் அலர்ஜி. என் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை சார், என் பெயரில்தான் ஓர் ஆஸ்பத்திரியே நடக்கிறது! அதில் ஹார்ட்டை அட்மிட் பண்ணியது என் மாமியார்.

மாமனார் காலமான பிறகு ராஜம் அத்தை கேலாங்கில் தனியாக இருக்கிறார். என்னைப் பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளைதான். ‘மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வை’, ‘மாப்பிள்ளை வரட்டும், சேந்து சாப்பிடலாம்.’ மற்ற மருமகன்களுக்கு இது காதிலேயே விழாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே அவர் வீட்டுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் போவேன்.

போன வருஷம் மீனாவுக்கு டெங்கி. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. அத்தை டாக்டர் முகத்தைப் பார்த்தார். வார்டு வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

“முருகா! எம்பொண்ணு எந்திரிச்சு நடந்துட்டா, தைப்பூசத்துக்கு மாப்பிள்ளை உனக்குக் காவடி எடுப்பாரு!”

கவனித்தீர்களா? நேர்ந்துகொண்டது அவர். எடுக்க வேண்டியது நான். நம் ஆட்களின் வேண்டுதலே அப்படித்தான். வாய் ஒருவருடையது, தோள் இன்னொருவருடையது.

மீனா எழுந்தாள், நடந்தாள். முருகன் தன் பங்கை முடித்துவிட்டான். பாக்கி நான்தான்.

காவடி எடுக்கும் ஆண்கள் சட்டை போடுவதில்லை. செராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெற்று மார்பு. வழி நெடுகச் சொந்தக்காரர்கள், அவர்கள் கையிலெல்லாம் போன். என் மார்பில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று, இரண்டும் குறுக்கே ஓடும். வீட்டைத் தவிர வேறெங்கும் நான் சட்டையைக் கழற்றியதில்லை.

“அம்மாகிட்ட நான் சொல்லிடட்டுமா?” என்றாள் மீனா.

“வேணாம்.”

“அவங்க அந்த மாதிரி ஆளு இல்லைங்க.”

“எந்த மாதிரி ஆளுன்னு தெரிஞ்சுக்க நான் ரெடி இல்ல மீனா. நாளைக்கு என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் யோசிச்சாங்கன்னு வச்சுக்க. அந்த ஒரு செகண்ட் போதும், நான் காலி.”

“அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?”

தெரிந்தால்தானே சொல்ல? ஒரு பக்கம் விரதம் இருந்தேன். மறு பக்கம் தப்பிக்க வழி தேடினேன். தைப்பூசத்தன்று ஜகார்த்தாவில் ஒரு மீட்டிங் வைக்கலாமா என்று பாஸிடம் அடி போட்டுப் பார்த்தேன். ஜூம் போதும் என்றுவிட்டார். ஆபீஸுக்குத் தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் இறங்க வேண்டியவன் யோசனையில் தியோங் பாரு போய்த் திரும்பி வந்தேன், அதுவும் ஒரே வாரத்தில் பல தடவை. சாயங்காலம் பாசிர் ரிஸ் பார்க்கில் நடக்கப் போனால் கால் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. அத்தை மட்டும் நாள் தவறாமல் விரதச் சாப்பாடு சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அதைச் சாப்பிடும்போதுதான் குற்றவாளி மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. மீனா வெளியே போயிருந்தாள். சமையலறை ஜன்னலில் மூங்கில் கழியை நீட்டித் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், சட்டையில்லாமல். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அத்தையிடம் உண்டு. பெல் அடிக்கும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினால்... டிபன் கேரியரோடு நிற்கிறார்.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். என் கையில் ஈரத் துண்டு இருந்தது, அதைப் போர்த்திக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. கேரியரை மேசை மேல் வைத்தார்.

“சாம்பார் சூடா இருக்கு. சட்டையப் போட்டுகிட்டு வந்து சாப்பிடுங்க.”

அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்.

அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தையின் குரல் வந்தது. “எல்லாரும் கேட்டுக்குங்க. மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு. நாம பயந்துடுவோம்னு சொல்லாம இருந்திருக்காரு. அவர யாரும் காவடி கீவடின்னு தொந்தரவு பண்ணாதீங்க. நேந்துகிட்டது நானு. நானே பால்குடம் எடுத்துக்கறேன்.”

நான் சோபாவில் ஏறிக் குதிக்காத குறை! பைபாஸ் என்று நினைத்துவிட்டார், தப்பித்தேன், முருகா உனக்கு நூறு தேங்காய்! மீனாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பாவுக்கு பைபாஸ் ஆனப்ப தினமும் புண்ணு தொடச்சு மருந்து வச்சது யாருன்னு நெனைக்கிறீங்க? அம்மாதான். அது நேரா நடு நெஞ்சுல, மேலேருந்து கீழ வெட்டுன தழும்பு. உங்களோடது எப்படி இருக்குன்னு அம்மாவுக்குக் கண்ணு தெரியாதா?”

போச்சு.

தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். என்ன தெரிந்து? எவ்வளவு தெரிந்து? ஏதோ கட்டி என்று நினைத்தாரா? எல்லாமே புரிந்துவிட்டதா? முன்பே சந்தேகம் இருந்ததா? மீனாவிடம் “நீ கேளு” என்றேன். அவள் “நீங்க கேளுங்க” என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வருஷம் நானே பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்ட விஷயம் அது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவர் எப்படி அதற்குக் காவல் நிற்கலாம்? உடனே அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்னதான் செய்வான்? நான் ஃபிரிட்ஜைத் துடைத்தேன்.

தைப்பூசம் வந்தது. அத்தை மஞ்சள் புடவை, தலையில் பால்குடம். பக்கத்தில் நான், மஞ்சள் ஜிப்பா, வெறுங்கால், கையில் அவர் செருப்பு இருக்கும் பை. செராங்கூன் ரோட்டில் நாலடிக்கு ஒரு சொந்தக்காரர்.

“என்ன ராஜம்? மாப்பிள்ளை எடுக்கறதாச் சொன்னீங்க?”

“ஹார்ட் ஆபரேஷன் ஆனவருப்பா. டாக்டர் வெயிட்டே தூக்கக் கூடாதுன்னுட்டாரு.”

கொஞ்ச தூரம் போனதும் அடுத்தவர். இந்தத் தடவை இதயத்தில் இரண்டு அடைப்பும் சேர்ந்தது. சிலேகி ரோடு வந்தபோது அது மூன்றாகிவிட்டது. முருகனுக்குப் போகிற பாலைத் தலையில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல், என்ன அடி அடிக்கிறார் பாருங்கள்! பொய் சொல்வதில் எனக்குப் பல வருஷ சர்வீஸ். அத்தை ஒரே காலையில் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அபிஷேகம் முடிந்து வெளியே வந்தோம். மீனா தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வரிசைக்குப் போனாள். நானும் அத்தையும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தோம். அவர் பாதத்தில் ஒரு கொப்புளம். அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

“அத்தை... அன்னைக்கு நீங்க பாத்தீங்கல்ல...”

“மாப்பிள்ளை,” என்றார். யோசிக்கவே இல்லை. “நான் கேட்டுட்டா, நீங்க சொல்லியே ஆகணும்னு ஆயிடும். அதான் கேக்கல. உங்களுக்கா சொல்லணும்னு தோணுன அன்னைக்குச் சொல்லுங்க. தோணலையா, விடுங்க. இப்ப மோரைக் குடிங்க.”

குடித்தேன். பையிலிருந்து அவர் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தேன்.

இதற்குப் பிறகு எனக்கு நிம்மதிதானே வர வேண்டும்? எங்கே வருகிறது! கேலாங்குக்குப் போனால் அத்தை தோசை வார்க்கிறார். நான் அடுப்படி வாசலில் நிற்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன். உள்ளே போகிறேன், வெளியே வருகிறேன். சட்னி அரைக்கவா என்று கேட்கிறேன். “என்ன மாப்பிள்ளை, எதாச்சும் வேணுமா?” என்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன்.

யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று இத்தனை வருஷம் ஓடியவன் நான். இப்போது இந்த ஒரு மனுஷி கேட்க மாட்டாரா என்று, அவர் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.