மீட்டர் இறங்கினால் நல்லதாம்

இன்று அரியலூர்ப் பக்கம் ஒரு திறந்தவெளிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குச் சோதனைக்குப் போயிருந்தேன். பாறைச் சரிவு விழாமல் இருக்க, துளை போட்டுக் கார்பன் நார்க் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருக்கிறோம். கம்பியின் இழுவையை மீட்டர் காட்டும்; பாறை நகர்ந்து தள்ளினால் அது ஏறும்.

மூன்றாவது கம்பியில் இழுவை பாதியாகியிருந்தது.

தினமும் குறித்துவைக்கும் செல்வராசு அண்ணனிடம் கேட்டேன்.

"பத்து நாளா எறங்கிட்டே வருதுங்க சார். ஏறுனா போன் பண்ணச் சொன்னீங்க. எறங்குதே, பாறைக்குப் பாரம் கொறையுதுன்னு நெனச்சுட்டோம்."

பாறைக்குள் கம்பியின் பிடி நழுவினாலும் இழுவை குறையும்; அப்புறம் பாறையைத் தாங்க ஒன்றுமில்லை. அதை நான் சொல்லவேயில்லை.

கீழே அந்தப் பாறை நிழலில் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே வெளியே வரச் சொல்லிக் கத்தினேன்.

"வெளியில வெயிலுங்க சார்" என்றார் ஒருவர்.

'ஏறினால் உடனே சொல்லவும்' என்று மீட்டரில் ஒட்டிய தாளில் இருப்பது என் கையெழுத்து. நீங்களும் யாருக்காவது பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியதுண்டா?