லாயாங் லாயாங்கில் திரிந்த பால்

எனக்குச் சடங்கு, சாங்கியம் என்றாலே எரிச்சல் வரும். அப்படிப்பட்ட நான் பல வருடமாகக் கட்டடம் கட்டடமாகப் பால் பாக்கெட் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அதற்கு ஷாமளாக்கா ஒருவர்தான் காரணம்.

என் பெயர் மதிவாணன். கட்டட வேலை எடுக்கும் ஒரு குத்தகையாளரிடம் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பழைய கடைவீடு, பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம் என்று மலேசியாவில் ஜொகூர் மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற வேலை எங்களுடையது. கொத்தனார், தச்சர், பெயிண்டர் எல்லாரும் கிளம்பிய பிறகு, சாவியை ஒப்படைப்பதற்கு முன் துப்புரவு செய்ய வருகிறவர் ஷாமளாக்கா. கூடவே அங்கம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வருவார்கள். தரையில் காய்ந்த சாயத்தைச் சுரண்டுவார்கள், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளை உரிப்பார்கள், ஜன்னல் இடுக்கில் இருக்கும் சிமெண்டுத் தூசியைப் பழைய பிரஷ்ஷால் எடுப்பார்கள். அவர்கள் வந்து போன பிறகுதான் நாங்கள் செய்த வேலை எங்கள் கண்ணுக்கே தெரியும்.

அக்கா லாயாங் லாயாங் என்கிற சிற்றூர்ப் பக்கம், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் ஜொகூர் பாருவில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். பிற்பாடு அந்தத் தொழிற்சாலை வியட்நாமுக்குக் குடிபோனது, இவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "அன்னிக்கு வெளக்கமாத்த எடுத்தவ தம்பி, இன்னும் கீழ வைக்கல" என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது மறுபடி லாயாங் லாயாங்கில்தான் வீடு. கணவர் செல்லப்பன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். மகள் ஷர்மினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. துடைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று கை நின்றுவிடும், பார்வை எங்கேயோ போய்விடும். "என்னக்கா, தூக்கமா?" என்று கேட்டால், "இல்ல தம்பி. இங்க ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. கண்ணாடி போட்டிருக்கா. மழை வந்தா அந்த ஜன்னலத்தான் பாத்துக்கிட்டிருப்பா" என்பார். இனிமேல் அங்கே வரப்போகிறவளைச் சொல்கிறார். அது வெறும் அறையாக இருக்கும். மேசைகூட வந்திருக்காது. ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்த மூலையைக் கடக்கும்போது கொஞ்சம் ஒதுங்கிப் போகத் தோன்றும். என்ன கூத்து பாருங்கள்.

ஒருநாள் தேநீர் வேளையில் தன் கனவைச் சொன்னார். இதுவரை அவர் துடைத்த கட்டடங்கள் எல்லாம் ரயில் பாதை ஓரமாக வரிசையாக நிற்கின்றனவாம். மூவார் கடைவீடு, பொந்தியான் பள்ளிக்கூடம், ஜொகூர் பாரு ஹோட்டல், எல்லாம். ஒவ்வொன்றும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வாங்க" என்கிறது. இவர் காலைப் பார்க்கிறார், முழங்கால்வரை சேறு. "எப்படிப் போறது? இப்பத்தானே தொடச்சேன்?" என்று என்னிடமே கேட்டார். சாவியைக் கொடுத்த பிறகு எந்தக் கட்டடத்துக்குள்ளும் அவர் திரும்பக் கால் வைத்ததில்லை. கூப்பிடவும் ஆள் கிடையாது.

பால் விஷயத்தை முதன்முதலில் நான் கண்டுபிடித்தது அந்த ஹோட்டலில். வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, வரவேற்பறை நடுவே மின்னடுப்பை வைத்து, சில்வர் குண்டானில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அக்கா, புகை மணி அடிச்சா தீயணைக்க பொம்பா வண்டி வந்துடும் லா! யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. "வீட்டுக்குன்னா குடிபோறவங்க பால் காய்ச்சுவாங்க. இதுக்கு யாரு காய்ச்சுவா? கட்டினவன் போயிடுவான், வாங்கினவன் ஏர்கோன் போட்டு உக்காந்துடுவான். வர்ற ஜனம் நல்லாயிருக்க வேணாமா?" என்றார். பால் பொங்கியது. சர்க்கரை போட்டு எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். குடித்துத் தொலைத்தேன். அடுத்த கட்டடத்தில் பால் பாக்கெட்டை நானே வாங்கிப் போனேன். எங்கள் தவுக்கே, அதுதான் முதலாளி, வேலை தொடங்கும்போது ஊதுபத்தி கொளுத்துவார், அக்கா முடியும்போது பால் காய்ச்சுவார், நடுவில் வெயிலில் காய்வது மட்டும் நான்.

மூன்று வருடங்களுக்கு முன் செல்லப்பன் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் குளுவாங் பட்டணத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் ரத்தம் கழுவுவது. விடியும் முன்பே கிளம்ப வேண்டும், காடியை அக்காதான் ஓட்டுவார். திரும்பும் வழியில் அண்ணனுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். பாதி வழியில் நிறுத்தி, செம்பனை மரத்தடியில் அவரைப் படுக்கவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். அதன் பிறகு வேலைக்கும் வருவார். ஒருமுறை வழியில் மயக்கம் தெளிய வெகு நேரமாகிவிட்டது. "அன்னிக்கு ஆளு போயிட்டாருன்னே நெனச்சேன் தம்பி" என்றார்.

போன வருடம்தான் லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த பழைய அரசாங்க அலுவலகத்தை ஒரு தொண்டு அமைப்பு எடுத்தது, டயாலிசிஸ் நிலையமாக்குவதற்கு. வேலை எங்களுக்கு வந்தது. பழங்காலக் கட்டடம் என்பதால் முகப்பு, உயரமான மர ஜன்னல்கள், கூரையைத் தாங்கும் மரச் சட்டங்கள் எதையும் மாற்றக்கூடாது. உள்ளே மட்டும் புதுத் தரை, புதுக் குழாய்கள், தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓர் அறை. அக்காவின் வீட்டிலிருந்து நடந்தே வரலாம். செய்தி தெரிந்த அன்றே அண்ணனின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

துப்புரவு வேலை தொடங்குவதற்கு வெகு நாள் முன்பே அக்கா வந்து வந்து பார்ப்பார். பழைய சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்ப்பார். வெயில் ஜன்னல் சட்டங்கள் வழியே கோடு கோடாக விழும், அதில் தூசி மெல்ல மிதக்கும், தூரத்தில் ரயில் போகும். அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் பார்த்தால், நோயாளிகள் படுக்க வந்திருந்த, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுச் சாய்வு நாற்காலியில் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறார். "அக்கா! புது சாமான்!" என்றேன். "இரு தம்பி. அவரு படுத்தா என்ன தெரியும்னு பாக்குறேன்" என்றார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். மேலே வெகு உயரத்தில் மரச் சட்டங்கள், கொஞ்சம் இருட்டு. தோணியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. எனக்கே அங்கே படுக்க ஆசையாக இருந்தது, சொல்லவில்லை.

சாவி ஒப்படைக்கும் நாள் வந்தது. வழக்கம்போலப் பால் வாங்கி வந்தேன். அக்கா தலைகுளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். எந்தக் கட்டடத்துக்கும் அவர் சேலை கட்டி வந்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரத்தில், அண்ணனுக்கு என்று அவரே முடிவு செய்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில், அடுப்பை வைத்தார். பால் சூடேறியது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. பொங்கவில்லை. நடுவில் வெட்டிக்கொண்டு, கட்டி கட்டியாகி, மஞ்சள் தண்ணீர் தனியே பிரிந்தது.

அக்கா அடுப்பை அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். வேறு பால் வாங்கி வருவதற்குள் தொண்டு அமைப்பினர் வாசலில் வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா குண்டானை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான் சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் அங்கம்மா அழாத குறையாக என்னிடம் வந்தாள். "அண்ணே, கொழா வாயில உப்புக் கறை போவலன்னு அந்தக் குண்டான்லதான் வினிகர் ஊத்தி ஊற வச்சேன். சரியா அலசல போல. என்னாலதான் பால் திரிஞ்சிடுச்சு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. உடனே அக்காவுக்கு அலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொன்னேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.  ஆனால் அக்கா, "வினிகர்னாலதான் திரிஞ்சதுன்னு எனக்கும் புரியுது தம்பி. எத்தன வருஷமா அதே குண்டான், அதே அங்கம்மா. இத்தன கட்டடத்துல திரியாதது, அவரு படுக்கப்போற எடத்துல ஏன் திரியணும்?" என்றார். 

அடுத்த வாரம் நிலையத்தின் தாதி ஆப்ரின் ஒரு குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார். போன இடத்தில்தான் தெரிந்தது: அக்கா வந்து அண்ணனின் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். "காரணம் கேட்டா அழறாங்க. நான் இன்னும் எடுக்கல. ஆனா காத்திருக்கிற ஆளுங்க நெறைய பேரு. வெள்ளிக்கெழமைக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாது" என்றார் ஆப்ரின். எனக்குத் தலைக்கு மேல் கோபம். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அக்கா எனக்குக் கண்ஜாடை காட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. "ஏன்ணே, வீட்டுக்குப் பக்கத்துல எடம் கெடச்சும் வேணாம்னுட்டீங்களாமே?" என்று போட்டு உடைத்தேன். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எடம் இல்லன்னுல்ல சொன்னா?" என்று மனைவியைப் பார்த்தார்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, அக்கா ஓடிப்போய் முதுகைத் தடவும்படி ஆனது.

"மூணு வருஷமா என் ரத்தத்தையே வெளிய எடுத்து, கழுவி, திருப்பி உள்ள விடுறாங்க. அதுக்கே நான் பயப்படல. ஒரு குண்டான் பாலுக்கா நீ பயப்படுற?"

"உங்களுக்கு ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அக்கா உடைந்து அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அண்ணன் சிரிப்பை விட்டார். "ஆனா ஆவட்டும் ஷாமளா. நம்ம ஊருல, நீ தொடச்ச எடத்துல ஆவட்டும். ரோட்டோரத்துல, நீ ஒத்த ஆளா என்னை மடியில வச்சிக்கிட்டு, போற வர்ற லாரிக்கெல்லாம் கைய ஆட்டுற மாதிரி ஆக வேணாம். அன்னிக்கு எனக்கு மயக்கம் தெளிஞ்சப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். இன்னொரு தடவ அதப் பாக்க என்னால முடியாது. நான் இங்கதான் போறேன். நீ வரலன்னா மதி கூட்டிட்டுப் போவான்."

என்னைக் கேட்காமலே என்னைச் சேர்த்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

நிலையம் திறந்த முதல் நாள், நீரேற்று இயந்திரம் சத்தம் போடுகிறதா என்று பார்க்கப் போனேன். அது ஒரு சாக்கு, உங்களுக்கே தெரியும். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே இயந்திரங்கள் மெல்ல முனகிக்கொண்டிருந்தன. ஜன்னல் சட்டங்கள் வழியே வெயில் தரையில் விழுந்திருந்தது. எட்டு நாற்காலியிலும் ஆட்கள். ஒரு சீன ஆச்சி அலைபேசியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு மலாய்க்காரர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஜன்னலோரத்தில் படுத்திருந்தார். அக்கா பக்கத்தில் ஒரு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சுவரில் சாயக்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தார். அண்ணனின் முகத்தருகே குனிந்தார். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார்.  இரண்டே எட்டில் போய், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்றேன்.

அக்கா சடக்கென்று என் வாயைப் பொத்தினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சத்தம் போடாத தம்பி. தூங்குறாரு. கையில ஊசியோட இவரு தூங்கி இன்னிக்குத்தான் பாக்குறேன்."