விண்ணப்பத்தில் ஏழாம் கட்டம்

பம்பாயின் தாராவியில், குயவர்கள் குடியிருந்த கும்பார்வாடாவைத் தாண்டித் தோல் கிடங்குகள் வரிசையாக இருந்த ஒரு சந்தின் கோடி வீட்டில் மெஹராஜ் குடியிருந்தாள். அந்தச் சந்தில் அவளுக்கென்று ஒரு மரியாதை உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து மேலப்பாளையத்திலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம் குடும்பங்களில், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டிய பெண்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். அவள் வலப்புறத்திலிருந்து இடப்புறமாக, அரபு எழுத்தில் மளமளவென்று எழுதிக் கொடுப்பாள். எழுதுவது தமிழ்தான். மருமகளுக்கு இது ஏழாம் மாதம், வெள்ளாட்டை விற்க வேண்டாம், மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது என்பன போன்ற வீட்டுச் செய்திகள்தாம். எழுத்து மட்டும் அரபு. அவளுடைய ஊரில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. குர்ஆன் ஓதக் கற்பிப்பார்கள். ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழையும் எழுதிக்கொள்வது அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த வழக்கம். ஆகவே பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத மெஹராஜ், ஒரே மூச்சில் நான்கு பக்கக் கடிதம் எழுதிவிடுவாள்.

"மெஹராஜு மைனிக்கு அரபி தண்ணிபட்ட பாடுல்லா" என்று எதிர்வீட்டுத் தங்கத்தாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மெஹராஜ் அதை மறுத்ததில்லை. யாரும் அவளிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் அவசியம் இருபது ஆண்டுகளாக அவளுக்கு நேரவில்லை.

1965ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த அவசியம் நேர்ந்தது.

அவளுடைய பிள்ளைகள் இருவரும் அந்த ஆண்டு எஸ்.எஸ்.சி. தேறினார்கள். மூத்தவன் கலீலுல்லா முந்தின ஆண்டு கணக்கில் தவறியதால், ஒரு வயது இளையவளான அக்தர் பானுவோடு சேர்ந்து எழுதும்படி ஆயிற்று. தங்கைக்கு அண்ணனைவிட அறுபது மதிப்பெண் கூடுதல். கலீலுல்லா கல்லூரியில் சேர்வதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. அது முடிவான காரியம். பானுவைச் சேர்ப்பதைப் பற்றி அவர்களுடைய தகப்பனார் ஜெயினுலாப்தீன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மேலப்பாளையத்தில் அவருடைய அக்காள் தன் மகனுக்குப் பானுவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"ஒரு வருசம். மொத வருசப் பரீட்சையில ஒரு பாடம் போனாலும் ஊருக்கு டிக்கெட்டு. அக்காவுக்கு நான் பதில் சொல்லியாகணும்."

பானுவுக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை. அதை உம்மாவிடம் மட்டுமே, அதுவும் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, குனிந்த தலை நிமிராமல் சொல்லியிருந்தாள். மெஹராஜ் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. முதலில் இந்த ஒரு வருடம் தாண்டட்டும் என்றிருந்தாள்.

விண்ணப்பத்தாள்களை நிரப்பித் தர, மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஆபீஸ் ஒன்றில் அவருக்கு வேலை. ஜெயினுலாப்தீனின் தோல் கிடங்குக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுபவர் அவர்தான். பிள்ளைகள் சேரவிருந்த கல்லூரியில்தான் அவருடைய மகளும் முந்தின ஆண்டு சேர்ந்திருந்தாள்.

"ஏழாவது கட்டத்துலதான் பாய் எல்லாரும் சறுக்கறா" என்றார் அவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "இங்கிலீஷ் போக இன்னொரு பாஷை எழுதணும். இந்தி, மராத்தியெல்லாம் ஸ்கூல்லயே ஆயிடுத்துன்னு இந்தக் காலேஜ்ல சேர்த்துக்கலை. சமஸ்கிருதம், பாரசீகம், அரபி, பிரெஞ்சு, ஜெர்மன். அஞ்சுல ஒண்ணு."

"தமிழ் கெடையாதா ஐயரே?"

"இருந்து என்ன பண்ண? உங்க பிள்ளையும் எம் பொண்ணும் தமிழ்ல பேரெழுதினாலே அதிசயம்."

கலீலுல்லாவுக்குத் தகப்பனார் ஏற்கெனவே தீர்மானம் செய்துவைத்திருந்தார்.

"இவனுக்கு ஜெர்மன் போடுங்க. கிடங்குல இருக்குத சாய டின்னு பூரா அந்த எழுத்துதான்."

"டின்னு படிக்கதுக்கா வாப்பா காலேஜு?" என்றான் கலீலுல்லா.

"ஆமாலே. போன மாசம் மஞ்சச் சாயம்னு நெனச்சு எதையோ கலக்கி ஒரு லாட்டு தோலு பூரா பச்சையாப் போச்சே, மறந்துட்டியா? அப்ப நீதானல டின்னைத் தொறந்தவன்."

வேங்கடசுப்ரமணியன் 'ஜெர்மன்' என்று எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

"பொண்ணுக்கு பிரெஞ்சு போட்டுடலாம். ஒருத்தருக்கும் முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டாம். எல்லாரும் ஏ, பி, சி-லேர்ந்துதான் ஆரம்பிப்பா."

"வீட்டுல அரபி இருக்கையில பிரெஞ்சு எதுக்குங்கேன்? உம்மாவும் மவளும் எழுதுத வேகத்தப் பாத்தா உங்க காலேஜு வாத்தியாரே அசந்து போவாரு. ஒரு பாடம் சும்மாவே தேறிரும்."

டீத் தட்டோடு வந்த மெஹராஜ் வாசற்படியில் நின்றாள். அந்நிய மனிதர் முன்னிலையில் கணவர் தன்னைப் புகழ்ந்து அவள் கேட்டது அதுவே முதல் தடவை. பானு அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். மெஹராஜ் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏழாம் கட்டத்தில் 'அரபி' என்று அழகான கையெழுத்தில் ஏறியது.

தாளின் பின்புறத்தில் ஒரு விதி அச்சிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அரபி படிக்காதவர்கள் சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து, அரபிப் பேராசிரியரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று பகல் ஒரு மணிக்கு விண்ணப்பம் வாங்குவது முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை தொழுகை முடிந்து பாயைச் சுருட்டும்போது பானு கேட்டாள்.

"உம்மா, நாம ஓதுறோமே, அதுக்கெல்லாம் நமக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியாம என்ன? அல்ஹம்துன்னா புகழ். ரப்புன்னா படச்சவன்."

"மத்தது?"

"மத்தத பள்ளிவாசல் ஹஜ்ரத்து பயான்ல வெளக்கிச் சொல்லுவாங்கள்லா."

"காலேஜுலயும் ஹஜ்ரத்து வந்து சொல்லுவாங்களா?"

மெஹராஜ் சுருட்டிய பாயை மூலையில் சாத்தினாள். "வாசிக்கச் சொன்னா வாசி. கேக்காததுக்கு வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னாள். இருபது ஆண்டுகளாகத் தான் கடைப்பிடித்துவந்த வழியைத்தான் மகளுக்கும் சொல்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை ஜெயினுலாப்தீனால் கிடங்கைவிட்டு நகர முடியவில்லை; விக்ரோலியிலிருந்து சரக்கு எடுக்க லாரி வந்து நின்றது. மகளை அழைத்துக்கொண்டு மெஹராஜே புறப்பட்டாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பீவிக்காக எழுதிய கடிதத்தையும் வழியில் தபாலில் போடலாம் என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கித் தபால்பெட்டியைக் கடந்தபோது அந்தக் கடிதத்தின் நினைவே அவளுக்கு வரவில்லை.

பேராசிரியர் வடக்கத்திக்காரர், நரைத்த தாடி, மெல்லிய குரல். மேசைமேல் கிடந்த ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பானுவின் பக்கம் நகர்த்தினார். பானு வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, ஒரு பக்கத்தைப் பிசகில்லாமல் வாசித்து முடித்தாள். பேராசிரியர் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ். இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று இந்தியில் கேட்டார்.

பானு புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வரி போதும். ஏதாவது ஒரு வரி."

மெஹராஜுக்குப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், "அவளுக்கு எழுதவும் வரும், ஜனாப். நான்தான் கற்றுக்கொடுத்தேன். பாருங்கள்" என்று கைப்பையிலிருந்து பீவியின் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கினார். முதலில் எழுதியிருந்த சலாம் தடையில்லாமல் வந்தது. அதன்பிறகு நடை தள்ளாடியது. "மூ... மூத்தவளுக்கு... கா... காய்ச்சல்..." என்று எழுத்துக் கூட்டிக்கொண்டே போனவர், கூடுதல் புள்ளிகள் வைத்த ஓர் எழுத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பானு துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். பேராசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எழுத்து புரிகிறது. இது என்ன மொழி?"

"தமிழ்."

"நாற்பது வருடமாக அரபி கற்பிக்கிறேன். இந்தக் கடிதத்தில் யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை" என்று அதைத் திருப்பிக் கொடுத்தார். "என் புத்தகத்தின் முன்னால் உங்கள் மகளும் இப்படித்தான்."

மெஹராஜ் கடிதத்தை மடித்தாள். மடித்ததை மறுபடியும் மடித்தாள்.

"நீங்கள் வற்புறுத்தினால் கையெழுத்துப் போடுகிறேன், வாசிப்பு அவ்வளவு சுத்தம். ஆனால் வகுப்பில் மற்றவர்கள் நாலைந்து வருடம் மதரஸாவில் இலக்கணம் படித்தவர்கள். பாடம் அவர்களுடைய வேகத்தில்தான் நடக்கும். மார்ச் மாதம் பரீட்சை."

"தோற்றுவிடுவாளா?"

"பெரும்பாலும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை ஆகியிருந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் ஒரு கேள்வியும் வராது. சந்தில் அவளுடைய பெயரும் இருந்தபடியே இருக்கும். மார்ச் மாதம் வரை இருக்கும். அதன்பிறகு மேலப்பாளையத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குவார்கள். மகள் அவளைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தபடி நின்றாள்.

"கையெழுத்து வேண்டாம், ஜனாப். தாளைக் கொடுங்கள்" என்றாள் மெஹராஜ்.

ஆபீஸ் சன்னலில் இருந்த குமாஸ்தா மராட்டியர். மெஹராஜ் கேட்டுக்கொண்டபடி 'அரபி'யை அடித்து, ஐயர் முதலில் சொன்ன 'பிரெஞ்சு' என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்றார்.

"அவளுடைய வாப்பா வரவில்லை. நான் போடலாமா?"

"தாய்தானே? போடுங்கள்."

"ஆங்கிலத்தில் வராது."

"எந்த எழுத்தாக இருந்தால் என்ன? சீக்கிரம்."

மெஹராஜ் வலப்புறத்திலிருந்து தொடங்கித் தன் பெயரை எழுதினாள். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "அரபியா?" என்று கேட்டார்.

"இல்லை. தமிழ்" என்றாள் அவள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று பகல் ஜெயினுலாப்தீன் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். மீனை வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். மீன் வைக்கும் முன்பே சொல் வாயில் வந்துவிட்டது.

"எனக்கு அரபி தெரியாதுங்க. பானுக்கும் தெரியாது. பிரெஞ்சுன்னு மாத்தி நானே கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

"என்ன புள்ள சொல்லுத? இருவது வருசமா எழுதுதியே?"

"எழுத்துதாங்க அரபி. எழுதுறது தமிழுல்லா?"

"அப்ப, நான் இங்கன தனியா இருக்கையில எனக்கு எழுதுன காயிதமெல்லாம்?"

"அதுவும் தமிழ்தான். உங்களுக்கு எல்லாம் வெளங்கிச்சே. எப்படி வெளங்கிச்சாம்?"

ஜெயினுலாப்தீன் பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார். அவர் ஓதியதும் அவளைப் போலத்தான். திருமணமான புதிதில் வந்த அந்தக் கடிதங்களை யாருடைய உதவியும் இல்லாமல் தாமே வாசித்துத் தாமே பதிலும் எழுதியவர். அது என்ன மொழி என்று அப்போதும் பிறகும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஐயருட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார் கடைசியில்.

"அவரு சொன்னதத்தான செஞ்சிருக்கோம். சந்தோசப்படுவாரு."

"ஒரு வருசம்னு சொன்னது மாறாது, ஆமா."

"மாற வேண்டாம். மீன் வைக்கட்டா?"

வேங்கடசுப்ரமணியன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். தம் மகளின் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆண்டு முழுதும் அடுப்படிக்குப் பக்கத்தில் பானு மூக்கால் பேசிப் பழகினாள். "மைனி, புள்ளைக்குச் சளியா?" என்று தங்கத்தாய் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனாள். அதே தங்கத்தாய் ஒரு நாள் பீவியிடம், அரபி படித்த வீட்டில் பிரெஞ்சு எதற்கு என்று அங்கலாய்த்தபோது, மெஹராஜ் குறுக்கிட்டு, "அரபி இல்ல தங்கத்தாயி. ஒனக்கு வாசிச்சுக் காட்டுனா ஒனக்கே புரியும்" என்று பீவிக்காக அப்போதுதான் எழுதி முடித்த கடிதத்தை வாசித்துக் காட்டினாள். தங்கத்தாய்க்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அதன்பிறகும் அவள் சொல்லிக்கொண்டு திரிந்ததை மாற்றிக்கொள்ளவில்லை.

மறு ஆண்டு முடிவுகள் வந்தன. பிரெஞ்சில் பானுவுக்கு ஐம்பத்தெட்டு. எல்லாரும் பயந்த மொழி அப்படித் தேற, ஒருவரும் பயப்படாத பௌதிகத்தில் மூன்றே மதிப்பெண் வித்தியாசத்தில் தேறித் தப்பியிருந்தாள். தப்பியது தப்பியதுதான். கலீலுல்லாவும் தேறினான். தேறிய கையோடு தகப்பனார் அவனைக் கிடங்குக்கு அழைத்துப்போய்ச் சாய டின்னைக் காட்டினார். அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "குழந்தைகளுக்கு எட்டாத இடத்துல வைக்கணுமாம் வாப்பா" என்றான்.

அன்று மாலை ஜெயினுலாப்தீன் மனைவியைக் கூப்பிட்டார்.

"அக்காவுக்கு நீயே எழுதிரு."

"என்னன்னு எழுத?"

"ஒனக்குத் தெரியாததா?"

மெஹராஜ் விளக்கடியில் உட்கார்ந்து எழுதினாள். பானு தேறிவிட்டாள், இன்னும் பல ஆண்டு படிக்க வேண்டியிருக்கிறது, டாக்டருக்குப் படிக்க எண்ணம், மாப்பிள்ளையை அதுவரை காக்க வைப்பது நியாயமில்லை, நல்ல இடமாகப் பார்த்து முடியுங்கள். எழுதி முடித்ததும் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். 'டாக்டர்' என்ற சொல் வந்தபோது அவர் தலையைத் தூக்கினார். மெஹராஜ் நிறுத்தாமல் கடைசி வரி வரை வாசித்தாள்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"மொதல்ல சலாம் எழுதினியா?"

"எழுதிட்டேன்."

"அப்ப கவர ஒட்டு" என்றார்.