மேடைக்குப் போன வலை

என் மகள் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. மழை மாசத்தில் வேண்டாமடி என்று தலையில் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. மண்டபத்து மேடையை அந்தக் காலத்து மீனவக் குப்பம் மாதிரி அலங்கரிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பனையோலைக் குடிசை, லாந்தர் விளக்கு, ஒரு பழைய கட்டுமரம். நெட்டுக்குப்பத்தில் ஓலை வீட்டை விட்டுச் சிமெண்டு வீட்டுக்கு வர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? இவள் ஆள் வைத்து மறுபடியும் ஓலை கட்டுகிறாள்! சிரிப்பதா திட்டுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

கடைசியில் அவள் அப்பாவின் வலையைக் கேட்டாள்.

“நைனாதான் வர முடியாது. அவரு வலையாவது எனக்குப் பின்னாடி இருக்கட்டும்மா.”

ஐந்து வருடத்துக்கு முன்னால் வேறொருவர் படகில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. முந்தின நாள் அவர் கிழிசல் தைத்துப் போட்ட வலை மட்டும் வீட்டில் கிடந்தது. அதைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது சாக்கை அவிழ்த்து முகத்தைப் புதைத்துக்கொள்வேன். மீன் கவிச்சி, டீசல், பீடி எல்லாம் கலந்து அவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். உயிரோடு இருந்தபோது அந்த நாற்றத்துக்காகவே அவரைக் குளிக்கச் சொல்லி விரட்டியவள் நான். இதை மகளிடம் சொல்ல வெட்கம். அப்பாவைக் கேட்கிற பெண்ணிடம் இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று ஓரமாகத்தான் நின்றேன். புருஷன் இல்லாதவள் மேடை ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மகளே இறங்கி வந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய் வலைக்கு முன்னால் நிறுத்தினாள். போட்டோ எடுக்கும்போது மெல்லத் தலையைத் திருப்பி மூச்சை இழுத்தேன். சோப்பு வாசனை அடித்தது.

“கலீஜா நாறிகினு இருந்துச்சும்மா. நானே நாலு தபா சோப்புத் தண்ணில ஊற வெச்சு அலசுனேன். இப்ப எப்படி கீது?”

மாலையும் கழுத்துமாக நின்றவளை ஓங்கி அறையலாம் போல வந்தது. முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்கு ஏதோ செய்துவிட்ட பெருமை அதில்.

“நல்லா கீது” என்றேன்.

சாயங்காலம் அவளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது என்னால் தாங்க முடியவில்லை. கதறிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

“இன்னாத்துக்கு இப்டி அழுவுற? தோ, காலடிப்பேட்டைலதான இருக்கப் போறா. நெனச்சா பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வா.”

அதுவரை என் வீட்டில் இருந்த மனுஷன் அன்றுதான் போனார் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஆமாம் என்று தலையாட்டினேன்.