டாக்டரைக் கேட்காமல் கொடுத்த மருந்து

வடக்கே கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தபோது, ஆட்டிசம் உள்ள எங்கள் ஒன்பது வயது மகள் திடீரென்று எல்லோரையும் கடிக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பேச்சு வராது. அவளை அமைதிப்படுத்த டாக்டர் தந்த மருந்துக்கும் அடங்கவில்லை. யாரையும் கேட்காமல் நானே அளவை இரட்டிப்பாக்கினேன். எச்சில் ஒழுகக் கிடந்தாள்; எனக்கோ அது நிம்மதியாக இருந்தது.

மனைவி பதறிப்போய் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன். அங்கிருந்த நாகர்கோவில்காரரான ஒரு நர்ஸ், "பாப்பாவோட வாயைத் தொறந்து பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் வைத்திருந்தது. "எத்தனை நாளா வலிச்சுதோ, பாவம்!" என்றார். மருந்தைக் கூட்டியது நான்தான் என்று தலைகுனிந்து ஒப்புக்கொண்டேன்.

பல்லை எடுத்த பிறகு கடிப்பது நின்றது. அந்த மருந்தையும் டாக்டர் மெல்ல நிறுத்தினார். மகள் எப்போதும்போல என் மடியில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்; அவளுக்குப் புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.