இடிக்குப் பயந்தவள்

மரக்காணம் உப்பளத்தில் சாமுண்டீஸ்வரி மாதிரி இடிச் சத்தத்துக்கு ஓடுகிறவள் இன்னொருத்தி கிடையாது. வானம் ஒரு தடவை உறுமினால் போதும், மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் வரப்பைத் தாண்டி உப்புக் குவியலிடம் நிற்பாள். கீற்றைப் போட்டு மூடாவிட்டால் உப்போடு கூலியும் கரைந்துவிடும். அப்பா சுப்ராயன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அம்மா குப்பம்மாளுக்கு முட்டி வலி. ஆக, ஓடுகிற வேலை மகளுடையது.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது ஆரோவில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவாள். கீழேயிருந்து எறிகிற செங்கல்லைச் சாரத்தில் நின்று பிடிக்க வேண்டும். சாயங்காலம் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் வேலைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கால்பந்து விளையாடுவார்கள். பந்தைத் தடுக்கக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்க மட்டும் யாருக்கும் மனசு வராது. அவளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். செங்கல் பிடித்த கைக்குக் காற்றடைத்த பந்து எம்மாத்திரம்?

பாண்டிச்சேரியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த சுலோசனா என்ற டிரில் டீச்சர் இதைப் பார்த்துவிட்டாள். பெண்கள் கால்பந்துக்கு அகில இந்திய அளவில் கோப்பைப் போட்டி நடக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. டீச்சர் ஓர் அணி சேர்த்து வைத்திருந்தாள், கோல் காக்கிற கோலிதான் அகப்படவில்லை. சாமுண்டியைக் கையோடு சேர்த்துக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்குமா?

"வயசுப் பொண்ணு காலத் தூக்கிப் பந்தடிச்சா நல்லாவா இருக்குது?" என்றாள் பக்கத்துப் பாத்தி பாஞ்சாலை.

"எனக்குக் கையாலதான் வேல, சின்னம்மா," என்றாள் சாமுண்டி.

குப்பம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. "இடி இடிச்சா நான் ஒண்டியா என்னாடி பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டாள். ஆனாலும் சாமுண்டி கிளம்பிவிட்டாள்.

ஜெயித்தால் அடுத்த வருஷமும் இதே அணிதான் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். சாமுண்டிக்குக் கோப்பை பெரிதில்லை, அணியிலிருந்த மற்றப் பத்துப் பெண்கள்தான் பெரிது. அவள் வயதுக்காரிகள் எல்லோரும் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். உப்பளத்தில் அவள் வாய்விட்டுப் பேசிச் சிரித்தே வருஷக்கணக்காகிறது. ரயிலில் ஒருத்தி அவள் தலையைப் பின்னிவிட்டாள். கேப்டன் தெய்வநாயகி தன் புளிசாதத்தில் பாதியைக் கொடுத்தாள். வடக்கே போட்டி நடக்கிற ஊர் வந்து சேரும்வரை ரயிலில் ஒரே கும்மாளம்.

தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டிய போட்டி அது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் சாமுண்டியைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் பத்துப் பேரும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சுகத்துக்கு அவள் எத்தனை செங்கல் வேண்டுமானாலும் பிடிப்பாள்.

மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். உப்பளத்துக்காரி பந்து பிடிக்கப் போனாலும் மழைதான் வந்தது. அரையிறுதி ஆட்டம், முடிய இன்னும் கொஞ்ச நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. மேற்கே கறுத்து, திடீரென்று ஓர் இடி இடித்தது.

சாமுண்டி யோசிக்கவில்லை, கால் ஓடிவிட்டது. கோலை விட்டு மைதானத்தின் ஓரத்துக்கு, இல்லாத குவியலை மூட ஓடினாள். கோட்டைத் தாண்டிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தபோது, குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்தொன்று உருண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"எங்கடி ஓடுன?" என்று கத்தினாள் தெய்வநாயகி.

சொல்லியிருக்கலாம். ஆனால் உப்பைத் தட்டில் மட்டுமே பார்த்த பெண்களிடம் எதைச் சொல்வது? டீச்சர் வந்து தோளைத் தொட்டு, "இடிக்குப் பயந்துட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். இடி கேட்டதும் உப்பைக் காக்க ஓடுகிறவளுக்கு இடிக்குப் பயந்தவள் என்று பேர் வந்தது. அவளே ஒப்புக்கொண்ட பேர், யாரை நோவது?

தோற்றுத் திரும்பும் ரயிலில் யாரும் திட்டவில்லை. பக்கத்தில் கூப்பிடவும் இல்லை. கதவோரம் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தே சாமுண்டி ஊர் வந்தாள். தலையைத் தானே பின்னிக்கொண்டாள்.

"நீ இல்லாதப்ப இங்க ஒரு துளி மழகூட வுழலடி," என்று குப்பம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். சாமுண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு ஆரோவில்லிலும் யாராவது கூப்பிட்டால் கோலில் நிற்காமல் வந்துவிடுவாள். டீச்சர் வேறொரு கோலியைச் சேர்த்துக்கொண்டதாகக் காதில் விழுந்தது.

அடுத்த கோடையில் ஒரு நாள் உப்பளத்தில் இடி இடித்தது. எல்லோரும் கீற்றுக்கு ஓடினார்கள். சாமுண்டி மட்டும் இரண்டு குவியல்களுக்கு நடுவில் நின்றாள். முட்டியை லேசாக மடித்து, கைகளை விரித்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடியே சாமுண்டி, ஓடியாடி!" என்று அம்மா நொண்டிக்கொண்டே கத்தினாள். மறுபடி இடித்தது. அவள் அசையவில்லை. மழை கொட்டியது. குப்பம்மாள் தனியாளாக ஒரு குவியலைத்தான் மூடினாள், மற்றது கண்ணெதிரே கரைந்தது.

மழை விட்டதும் அம்மா சொட்டச் சொட்ட வந்து அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். குப்பம்மாளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"என்னாடி ஆச்சு உனக்கு? இடிக்குப் பயந்துட்டியா?"

அம்மாவும் அதையே கேட்டுவிட்டாள். இந்தத் தடவை சாமுண்டியால் தலையாட்ட முடியவில்லை.

"இல்லம்மா," என்றாள். "ஓடாம நிக்க முடியுதான்னு பாத்தேன். முடியுது."