என்ன அவசரம்

தையல்கார அக்காவின் கணவர் எதற்கெடுத்தாலும் "என்ன அவசரம்?" என்பவர். மழைக்கு ஒதுங்கவும் அவசரமில்லை, சம்பள உயர்வு கேட்கவும் அவசரமில்லை. நெஞ்சு வலித்த காலையிலும் அதையே சொல்லிவிட்டுக் குளியலறைக்கு முகம் கழுவப் போனார். போனவர் போனவர்தான்.

மனுஷர் கைபேசி வழியாகப் பங்குகள் வாங்கிப் போட்டிருந்தார். அந்தச் செயலியில் கெட்டிக்காரர் ஒருவரைப் பின்தொடரலாம். அவர் வாங்கினால் நம் கணக்கும் தானாக வாங்கும், விற்றால் விற்கும். இவர் தன் கணக்குக்கு வைத்த பெயரும் 'என்ன அவசரம்'. இவர் செத்த கொஞ்ச நாளில் சந்தை தலைகுப்புற விழுந்தது. சூரப்புலிகளெல்லாம் பதறி விற்று மண்ணைக் கவ்வினார்கள். இவர் அசையவில்லை. எப்படி அசைவார்? சந்தை மீண்டபோது பார்த்தால் இவர்தான் முதலிடம். ஜனம் மொய்த்துவிட்டது.

பணம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கத்தான் அக்கா முதலில் அவர் கைபேசியில் செயலியைத் திறந்தாள். கணவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. உடனே முகம் தெரியாதவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 'சார் வந்துட்டார்.' 'நீங்க இருக்கற தைரியத்துலதான் சார் தூங்கறோம்.' அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் காலையிலும் திறந்தாள். பொய் சொல்வானேன், அந்தப் புள்ளி எரிவது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் கண்ணில் புரை விழுந்து ஊசிக்காது தெரியாமல் போயிற்று. கணக்கை மூடிப் பணத்தை எடுத்தால்தான் அறுவை சிகிச்சை. இறப்புச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது தம்பி வந்தான்.

"அக்கா, வீட்ட வித்த பணத்த மொத்தமா போட்டுட்டேன். ஒருத்தர் இருக்காரு, எமகாதகர். உலகமே விழுந்தாலும் கல்லு மாதிரி உக்காந்திருப்பாரு. பேரு 'என்ன அவசரம்'."

"அது உங்க மாமாடா."

தம்பி சிரித்தான். அக்கா கைபேசியைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. மாமாவைத் தூக்கிப்போன நாலு பேரில் அவனும் ஒருவன்.

"செத்துட்டாருன்னு சொல்லிக் கணக்க மூடப் போறேன். கண்ணு வைத்தியத்துக்கு."

"மூடினா அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல வித்துடும்க்கா. விலை அதல பாதாளத்துக்குப் போயிடும்."

"நீ இப்பவே எடுத்துடேன்."

"நான் போட்டப்புறம் இறங்கிக் கிடக்கு, இப்ப எப்படி விக்கறது? ஏறட்டும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "யோசிச்சுப் பாரு, மாமாவுக்கு இனிமே பயமே வராது. இப்படி ஒரு ஆளு எங்க கிடைப்பாரு? இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கட்டும்க்கா."

அக்காவுக்குக் கோபம் வந்தது.

"அவர் இருந்தப்ப ஒரு நாளாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கியா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கூடப் பிறந்தவனை நடுத்தெருவில் நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. பையை ஆணியில் மாட்டினாள்.

இப்போது தம்பி தினமும் காலையில் வந்துவிடுகிறான். "திறக்கா, ஜனங்க பயப்படறாங்க" என்பான். அக்கா திறப்பாள். எதிரே அவன் கைபேசியில் பச்சைப் புள்ளி எரியும். அந்த நேரத்தில் குளியலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார அவளுக்குத் தைரியம் வருவதில்லை.

"மாமா வந்துட்டாரு" என்று அவன் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வான்.

இன்று அக்கா ஊசியை நீட்டினாள். "இதுல நூலக் கோத்துக் குடுடா, எனக்குச் சுத்தமா தெரியல."

தம்பி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னக்கா அவசரம்?" என்றான்.